50 ஆயிரம் ரூபாயில் கேமிங் பிசி... இப்போ சாத்தியமா? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வரை எட்டிய ரேம் விலையேற்றம்: முழு விளக்கம்

கடந்த தீபாவளிக்கு முன்பு கடையில் வாங்கிய கொட்டேஷனை பத்திரமாக வைத்திருந்து, பொங்கல் முடிந்ததும் பணத்தோடு போனால், கடைக்காரர் அந்தத் தாளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "தம்பி, இது பழைய ரேட்டு" என்பதுதான் பதில். சென்னை ரிச்சி தெருவிலும் இதே கதைதான், ராஜபாளையத்திலும் இதே கதைதான்.

பிராசசர் விலை அப்படியே இருக்கிறது. கேபினெட் விலையும் பெரிதாக மாறவில்லை. எகிறியிருப்பது ரேம். கூடவே எஸ்எஸ்டியும் ஏறிக்கொண்டிருக்கிறது. மில் வேலைக்குப் போகும் அப்பாவின் போனஸ், அம்மாவின் சீட்டுப் பணம், பகுதி நேர வேலையில் சேர்த்த காசு எனத் திரட்டிய 50 ஆயிரம் ரூபாயில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண நினைக்கும் மாணவர்களுக்கு இது பெரிய அடி.

ரேம் விலை ஏன் ஏறியது? இது எப்போது இறங்கும்? கையில் இருக்கும் காசுக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

என்ன நடந்தது?

2025 செப்டம்பர் வரை 16 ஜிபி டிடிஆர்5 ரேம் ஒன்று சுமார் 5,000 ரூபாய்க்குள் கிடைத்தது. ஆண்டு முடிவதற்குள் அதன் விலை சுமார் மூன்று மடங்கானது. கடைக்குக் கடை, நாளுக்கு நாள் இந்த விலை மாறுகிறது. ஆனால் போகும் திசை ஒன்றுதான், மேலே.

பட்ஜெட் கணக்கில் இதைப் போட்டுப் பார்த்தால் அடி எவ்வளவு பெரியது என்று புரியும். 50 ஆயிரம் ரூபாய் பட்ஜெட்டில் ரேமுக்கு 5,000 ரூபாய் என்றால் அது பத்தில் ஒரு பங்கு. அதே ரேம் 15,000 ரூபாய் என்றால் பத்தில் மூன்று பங்கு. வழக்கமாக கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கும் தொகை அது. அதாவது, கேம் ஓட வேண்டிய காசை ரேம் சாப்பிட்டுவிடுகிறது.

காரணம் யார்?

ஒரே வார்த்தையில் சொன்னால், ஏஐ.

உலகத்தில் கம்ப்யூட்டர், மொபைல் எல்லாவற்றுக்கும் தேவையான டிராம் மெமரி சிப்களில் 90 சதவீதத்துக்கும் மேல் மூன்றே நிறுவனங்களின் கையில் இருக்கிறது. தென்கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். இந்த மூன்றும் இப்போது ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரிக்குத்தான் முதலிடம் கொடுக்கின்றன. லாபம் அங்கேதான் அதிகம்.

ஏஐ சிப்களோடு சேர்ந்து வேலை செய்யும் எச்பிஎம் எனும் அதிவேக மெமரியைத் தயாரிக்க, அதே கொள்ளளவு கொண்ட சாதாரண டிடிஆர்5-ஐவிட சுமார் மூன்று மடங்கு சிலிக்கான் வேஃபர் தேவைப்படும். ஒரு குடம் எச்பிஎம் நிரப்ப, மூன்று குடம் சாதாரண ரேம் போய்விடும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆலையின் அளவு அதேதான். எனவே ஏஐக்குப் போகும் ஒவ்வொரு வேஃபரும் நம் கம்ப்யூட்டருக்கு வர வேண்டிய ரேமிலிருந்து கழிகிறது.

2025 அக்டோபர் 1-ஆம் தேதி சாட்ஜிபிடியின் தாய் நிறுவனமான ஓப்பன்ஏஐ, சாம்சங் மற்றும் எஸ்கே ஹைனிக்ஸுடன் ஒப்பந்தம் செய்தது. அதன் 'ஸ்டார்கேட்' டேட்டா சென்டர் திட்டத்துக்கு மாதம் 9 லட்சம் டிராம் வேஃபர் வரை தேவைப்படலாம் என அப்போது சொல்லப்பட்டது. அதே அக்டோபரில், 2026-ஆம் ஆண்டுக்கான தயாரிப்பு முழுவதற்கும் வாடிக்கையாளர்கள் உறுதியாகிவிட்டதாக எஸ்கே ஹைனிக்ஸ் அறிவித்தது.

அடுத்த அடி டிசம்பர் 3-ஆம் தேதி விழுந்தது. மைக்ரான் நிறுவனம், சாதாரண வாடிக்கையாளர்களுக்கு ரேம், எஸ்எஸ்டி விற்கும் தன் 'குருஷியல்' பிராண்டிலிருந்து வெளியேறுவதாக அறிவித்தது. 29 ஆண்டுகள் ஓடிய பிராண்ட் அது. பட்ஜெட் பிசி கட்டும் நம்மூர்ப் பசங்களுக்கு நன்கு தெரிந்த பெயர். 2026 பிப்ரவரி இறுதி வரை மட்டுமே சப்ளை இருக்கும் என்றும், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு வாரண்டி தொடரும் என்றும் நிறுவனம் கூறியுள்ளது.

'பழைய டிடிஆர்4 வாங்கிக்கலாமே' என்று கேட்கலாம். அதிலும் சிக்கல்தான். டிடிஆர்4 தயாரிப்பைக் குறைப்பதாக பெரிய நிறுவனங்கள் 2025-லேயே சொல்லிவிட்டன. அதனால் அதன் விலையும் ஏறத் தொடங்கிவிட்டது.

இந்தியாவிலேயே தயாரிக்க முடியாதா?

குஜராத்தின் சானந்தில் மைக்ரான் ஆலை அமைப்பதாக 2023-ல் அறிவிப்பு வந்தது. மொத்த முதலீடு 275 கோடி டாலர். ஆனால் அது சிப்பைப் பிறப்பிக்கும் ஆலை அல்ல. வெளிநாட்டில் தயாரான வேஃபர்களைக் கொண்டுவந்து பேக்கேஜிங், டெஸ்டிங் செய்யும் இடம். எனவே வேஃபர் தட்டுப்பாட்டை இது தீர்க்காது. மேலும், கம்ப்யூட்டர் பாகங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அடிப்படை விலை ஏற ஏற, வரித் தொகையும் தானாகவே ஏறும்.

முதலில் ஒரு கேள்வி: பிசி உண்மையிலேயே வேணுமா?

தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்க 2,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டை அறிவித்தது. 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் 2026 ஜனவரியில் லேப்டாப் விநியோகம் தொடங்கியது. இன்டெல் ஐ3 அல்லது ஏஎம்டி ரைசன் 3 பிராசசர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி கொண்டவை அவை.

புராஜெக்ட், கோடிங், ஆன்லைன் வகுப்பு எல்லாவற்றுக்கும் இது போதும். வாலரன்ட் மாதிரியான லேசான கேம்களைக் குறைந்த செட்டிங்கில் ஓட்டிப் பார்க்கலாம். பெரிய கேம்களை எதிர்பார்க்க முடியாது. ஆனால் 'படிப்புக்காக உடனே கம்ப்யூட்டர் வாங்கியே ஆகணும்' என்ற அவசரத்தை இது குறைக்கிறது. கையில் இந்த லேப்டாப் கிடைத்தவர்கள், கேமிங் பிசியைக் கடன் வாங்கி இப்போதே கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

'ஜிடிஏ 6 வருது, அதுக்குத்தான் பிசி' என்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்: 2026 நவம்பர் 19 என அறிவிக்கப்பட்டிருக்கும் ரிலீஸ், பிளேஸ்டேஷன் 5 மற்றும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கு மட்டும்தான். பிசிக்கான தேதி அறிவிக்கப்படவில்லை.

'கேமிங்கையே தடை பண்ணிட்டாங்களே' என்று வீட்டில் பெரியவர்கள் கேட்டால், அதற்கும் பதில் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் கேமிங் சட்டம் தடை செய்வது பணம் கட்டி விளையாடும் ஆட்டங்களை. இ-ஸ்போர்ட்ஸை அந்தச் சட்டம் தனியாக அங்கீகரிக்கிறது. காசு வைக்காமல் விளையாடும் கேம்களுக்கும் அந்தத் தடைக்கும் சம்பந்தம் இல்லை.

50 ஆயிரத்துக்கு மூன்று வழிகள்

இப்போதைய சூழலில் குறைந்த பட்ஜெட்டுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. எந்த வழியில் போனாலும் முதலில் ஒரு தாளில் எழுத வேண்டியது, 'எந்த கேம் விளையாடப் போறோம்' என்பதைத்தான். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5 என்றால் ஒரு கணக்கு. புதிதாக வரும் பெரிய கேம்கள் என்றால் வேறு கணக்கு.

வழி 1: கிராபிக்ஸ் கார்டே இல்லாத பிசி

ஏஎம்டி ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசர்களுக்குள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் இருக்கிறது. 6 கோர், 12 திரெட். தனி கார்டு தேவையில்லை. பல ஆண்டுகளாக 'கம்மி பட்ஜெட்டா? 5600ஜி போடு' என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதிலாக இருந்தது.

ஆனால் இப்போது இதில் ஒரு பொறி இருக்கிறது. தனி கார்டில் அதற்கென்று சொந்த மெமரி உண்டு. 5600ஜியில் அது கிடையாது. கிராபிக்ஸுக்கும் அது கம்ப்யூட்டரின் ரேமைத்தான் எடுத்துக்கொள்ளும். எனவே 8 ஜிபி மட்டும் போட்டால், கேமுக்கும் விண்டோஸுக்கும் மிச்சம் இருப்பது சொற்பம். அதோடு ஒரே ஸ்டிக் போட்டால் வேகம் கண்கூடாகக் குறையும். இரண்டு ஸ்டிக், அதாவது 8 ஜிபி வீதம் இரண்டு, போட்டே ஆக வேண்டும். இதைத்தான் டூயல் சேனல் என்கிறார்கள்.

ஆக, ரேம் விலையேற்றத்தில் அதிகம் அடிபடுவது 'சீப்பான வழி' என்று நாம் நினைத்த இந்த வழிதான். டிடிஆர்5 மட்டுமே ஏற்கும் ரைசன் 5 8600ஜி இதைவிட நல்ல கிராபிக்ஸ் கொண்டது. ஆனால் ரேம் செலவும் அதற்கேற்ப கூடும்.

யாருக்கு இது சரி? வீட்டில் பழைய டிடிஆர்4 டெஸ்க்டாப் ரேம் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு. பிறகு காசு சேரும்போது தனி கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று திட்டமிடுபவர்களுக்கும் சரி.

வழி 2: சின்ன பிராசசர், தனி கிராபிக்ஸ் கார்டு

இன்டெல் கோர் ஐ3 12100எஃப், கொஞ்சம் கூடுதல் காசு இருந்தால் ஐ5 12400எஃப். பெயரின் கடைசியில் இருக்கும் 'எஃப்' என்ற எழுத்துக்கு அர்த்தம், உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்பது. தனி கார்டு போடாமல் ஆன் பண்ணினால் திரையில் எதுவும் வராது. 'கார்டு அடுத்த மாசம் வாங்கிக்கலாம்' என்று நினைப்பவர்கள் எஃப் மாடலை எடுக்கக் கூடாது.

இந்த வழியில் ரேம் செலவைக் கொஞ்சம் சமாளிக்கலாம். கார்டுக்குச் சொந்த மெமரி இருப்பதால், ஒரே ஸ்டிக் போட்டாலும் முதல் வழி அளவுக்கு அடி விழாது. 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வாங்குவது நல்லது. அதுவும் முடியாவிட்டால், இப்போதைக்கு 8 ஜிபி ஒன்று போட்டு லேசான கேம்களோடு நிறுத்திக்கொண்டு, விலை இறங்கியதும் அதே மாடல் இன்னொன்று சேர்க்கலாம். இதற்கு மதர்போர்டில் இரண்டு ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மதர்போர்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எச்610 போர்டு டிடிஆர்4-க்கும் இருக்கிறது, டிடிஆர்5-க்கும் இருக்கிறது. ஒன்றின் ரேம் மற்றொன்றில் பொருந்தாது. லேப்டாப் ரேமும் டெஸ்க்டாப்பில் பொருந்தாது.

கார்டு எது? என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என இரண்டு உண்டு. மெமரி மட்டும் வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். 2024-ல் வந்த 6 ஜிபி கார்டு வேகத்திலும் குறைவு. ஆனால் அது 70 வாட்தான் எடுக்கும். பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் கேபிளே தேவையில்லை. ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 6600 இதைவிட வேகமானது, 8 ஜிபி மெமரி, 132 வாட். அதற்கு தரமான பவர் சப்ளை கட்டாயம்.

கொஞ்சம் பட்ஜெட்டைத் தாண்ட முடிந்தால் இன்டெல் ஆர்க் பி580 இருக்கிறது. 12 ஜிபி மெமரி. ஆனால் பழைய பிராசசரோடு இதை ஜோடி சேர்த்தால் முழு வேகம் கிடைக்காது.

தவிர்க்க வேண்டியவை: 2014-ல் வந்த ஜிடி 730-ஐ இன்றைக்கும் 'கேமிங் கார்டு' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். அந்தக் காசுக்கு 5600ஜிக்கு உள்ளே இருக்கும் கிராபிக்ஸே மேல். 4 ஜிபி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டை பழைய மதர்போர்டில் போட்டால் அதன் வேகம் மேலும் குறையும்.

வழி 3: கம்பெனிகள் கழித்த ஆபீஸ் கம்ப்யூட்டர்

பெரிய ஐடி நிறுவனங்கள் கழித்துவிடும் டெஸ்க்டாப்கள் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டுக்கு வருகின்றன. ரேம் விலை ஏறியிருக்கும் இந்த நேரத்தில் இதன் மதிப்பு கூடியிருக்கிறது. காரணம் எளிது, ரேமும் ஸ்டோரேஜும் உள்ளேயே வருகின்றன. அதில் ஒரு 70 வாட் கார்டைச் சேர்த்தால் கேமிங் பிசி ரெடி.

ஆனால் மூன்று விஷயங்களைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

ஒன்று, தலைமுறை. 'ஐ7 பிசி, வெறும் 15 ஆயிரம்' என்று விளம்பரம் வரும். அது 2013-ல் வந்த நான்காம் தலைமுறை ஐ7 ஆக இருக்கலாம். 12-ஆம் தலைமுறை ஐ3 அதை எளிதாக முந்தும். ஐ3, ஐ5, ஐ7 என்ற எண்ணைவிட, அதற்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம்.

இரண்டு, விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு பொதுவாக இன்டெல் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருவதாக கடையில் சொல்வார்கள். போட்டும் தருவார்கள். ஆனால் விண்டோஸ் 11-ல் வாலரன்ட் ஓட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் இயங்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் ஆன்டி-சீட் கேமுக்குள்ளேயே விடாது. வீட்டுக்கு வந்த பிறகு இது தெரிந்தால் காசு போனது போனதுதான்.

மூன்று, கேபினெட் அளவு. ஒல்லியான ஆபீஸ் கேபினெட்டில் சாதாரண உயரக் கார்டு நுழையாது. குட்டையான 'லோ புரொஃபைல்' கார்டுதான் போகும். பவர் சப்ளையும் அந்த கம்பெனிக்கே உரிய வடிவத்தில் இருக்கும், நினைத்த மாதிரி மாற்ற முடியாது.

எதில் கை வைக்கலாம்? எதில் கை வைக்கக் கூடாது?

மிச்சம் பிடிக்கலாம்: கலர் கலராக எரியும் ஃபேன், கண்ணாடி கேபினெட், லிக்விட் கூலர், 'கேமிங்' என்று பெயர் போட்ட கீபோர்டு. பாக்ஸ் பேக்காக வரும் 12100எஃப், 5600ஜி இரண்டிலும் கூலர் உள்ளேயே வரும். டப்பா இல்லாமல் விற்கும் 'டிரே' பீஸில் அது வராது. விலை குறைவு என்று டிரே பீஸை எடுத்தால் கூலர் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மிச்சம் பிடிக்கக் கூடாது: பவர் சப்ளை, அதாவது எஸ்எம்பிஎஸ். மலிவு கேபினெட்டோடு இலவசமாக வரும் '450 வாட்' எஸ்எம்பிஎஸ், அந்த வாட்டைத் தாங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 80 பிளஸ் சான்றிதழ் உள்ள, தனியாக வாரண்டி வரும் பவர் சப்ளையே பாதுகாப்பு. எஸ்எம்பிஎஸ் போகும்போது அது தனியாகப் போகாது. போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும் ஆபத்து உண்டு.

ஸ்டோரேஜும் இப்போது விலை ஏறும் பொருள்தான். 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று ஆரம்பத்துக்குப் போதும். நூறு ஜிபிக்கு மேல் இடம் கேட்கும் கேம்கள் இருக்கின்றன, அவற்றில் இரண்டு மூன்றுக்கு மேல் ஒரே நேரத்தில் வைக்க முடியாது என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். வீட்டில் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் படம், பாட்டு, புராஜெக்ட் ஃபைல்களை அதில் வைக்கலாம்.

நம்ம ஊர் கணக்கு: கரண்ட், தூசி, வெயில்

ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். பக்கத்து சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளின் ஊர். மில், தறி இருக்கும் தெருக்களில் பஞ்சுத் தூசி வீட்டுக்குள்ளும் வரும். அது ஃபேனிலும் கூலரிலும் படிந்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் கேமில் வேகம் இறங்கும். முன்பக்கம் வலை ஃபில்டர் உள்ள கேபினெட், மாதம் ஒரு முறை பிரஷ் சுத்தம், சிபியுவைத் தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் வைப்பது, இந்த மூன்றும் ஆடம்பரம் அல்ல, அவசியம்.

கரண்ட் விஷயத்திலும் ஒரு சின்னக் கணக்கு. 12100எஃப், ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, ஒரு மானிட்டர் சேர்ந்து கேம் ஓடும்போது சுமார் 200 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். தினம் 4 மணி நேரம், இரண்டு மாதம் என்றால் 48 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு அரசு தரும் 100 இலவச யூனிட்டில் கிட்டத்தட்ட பாதி இதற்கே போய்விடும். வீட்டில் கரண்ட் பில் கட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

யூபிஎஸ் வாங்கும்போது 600 விஏ என்று போட்டிருந்தால் அது 600 வாட் அல்ல. பொதுவாக சுமார் 360 வாட்தான். மேலே சொன்ன பிசிக்கு அது தாங்கும், கேமை சேவ் பண்ணி ஆஃப் செய்யச் சில நிமிடம் கிடைக்கும். ஆர்எக்ஸ் 6600, ஐ5 கூட்டணி என்றால் 1 கேவிஏ பாதுகாப்பு. பழைய வீடுகளில் பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

எங்கே வாங்குவது?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்து கிலோமீட்டர் சொச்சம்தான். எனவே இரண்டு ஊர் கடைகளிலும் ஒரே நாளில் கொட்டேஷன் வாங்கி ஒப்பிடலாம். மதுரை, பஸ்ஸில் போய் ஒரே நாளில் திரும்பும் தூரம். பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் சென்னை, ரிச்சி தெருவுக்கும் போகலாம்.

ஆனால் விலை வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் போதாது. போக்குவரத்துச் செலவு, ஒரு நாள் சம்பளம் இரண்டையும் கழித்துப் பார்க்க வேண்டும். முக்கியமாக, ஒரு பாகம் பழுதானால் அதை யார் வாரண்டிக்கு அனுப்புவார்கள் என்று கேட்க வேண்டும். ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும், 'கொண்டு வா, நான் பார்த்துக்கிறேன்' என்று சொல்லும் உள்ளூர் கடைக்கு மதிப்பு உண்டு.

எங்கே வாங்கினாலும் இவற்றை விடக் கூடாது:

கொட்டேஷனில் '16 ஜிபி ரேம்', 'எச்610 போர்டு' என்று பொதுவாக எழுதினால் ஏற்க வேண்டாம். பிராண்ட், மாடல், வேகம் எல்லாம் எழுத்தில் வேண்டும்.

ரேட் எத்தனை நாளைக்குச் செல்லும் என்று கேட்க வேண்டும். இப்போது பல கடைகளில் அன்றைய ரேட் அன்றைக்கு மட்டும்தான்.

ஜிஎஸ்டி பில் கட்டாயம். பில் இல்லாமல் சில நூறு மிச்சம் பிடித்தால், பழுதாகும்போது ஆயிரக்கணக்கில் போகும். சீரியல் எண் பில்லில் இருக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால், நேரில் போய், குறைந்தது 20 நிமிடம் கேம் ஓட்டிப் பார்த்த பிறகே பணம். திரையில் புள்ளி, கோடு வந்தாலோ ஃபேன் இரைந்தாலோ வேண்டாம் என்று வந்துவிடலாம். 'முன்பணம் அனுப்புங்க, கூரியர் பண்றேன்' என்பவர்களை நம்ப வேண்டாம்.

வாங்கிய இடத்தில் நியாயம் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

காத்திருக்கலாமா? இப்போதே வாங்கலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். மெமரி தட்டுப்பாடு 2026 முழுவதும், அதற்குப் பிறகும் நீடிக்கும் என்று மைக்ரான் 2025 டிசம்பரில் சொன்னது. அமெரிக்காவின் ஐடஹோவில் அந்த நிறுவனம் கட்டும் புதிய ஆலையிலிருந்து முதல் வேஃபர் வருவதே 2027 நடுவில்தான். எனவே 'அடுத்த மாசம் இறங்கிடும்' என்று காத்திருப்பதில் அர்த்தம் இல்லை.

அதே சமயம், ரேம் விலை என்றென்றும் ஏறிக்கொண்டே இருந்ததாகச் சரித்திரமும் இல்லை. 2017, 2018-ல் இதேபோல உச்சத்துக்குப் போன விலை 2019-ல் சரிந்தது. 2022, 2023-லும் விலை சரிந்து ரேம் மலிவாகக் கிடைத்தது. தட்டுப்பாடு வந்தால் ஆலைகள் கூடும், ஆலைகள் கூடினால் விலை இறங்கும். அந்தச் சுற்று முடிய மாதங்கள் அல்ல, ஆண்டுகள் ஆகலாம்.

எனவே முடிவை ஆளுக்கு ஆள் மாற்றித்தான் எடுக்க வேண்டும்.

வீடியோ எடிட்டிங், 3டி டிசைன் என வருமானத்துக்கோ படிப்புக்கோ இப்போதே பிசி தேவைப்படுபவர்கள் காத்திருந்து பயனில்லை. இரண்டாம் வழியில் போய், ரேமை மட்டும் குறைவாகப் போட்டு, பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

ஓரளவு ஓடும் பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் புதிதாகக் கட்ட வேண்டாம். அதில் ஒரு எஸ்எஸ்டியோ, பொருந்தும் கார்டோ மட்டும் சேர்த்தால் இரண்டு ஆண்டுகள் ஓட்டலாம். அந்தப் பழைய ரேமை யாருக்கும் சும்மா கொடுத்துவிடவும் வேண்டாம்.

கேமுக்காக மட்டும், அதுவும் இஎம்ஐயிலோ வட்டிக்கோ வாங்க நினைப்பவர்கள் நிற்பது நல்லது. உச்ச விலையில் வாங்கிய ரேமுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும்போதே அதன் கடை விலை இறங்கினால், நஷ்டம் இரண்டு மடங்கு.

50 ஆயிரம் ரூபாயில் கேமிங் பிசி இன்றைக்கும் சாத்தியம்தான். ஆனால் ஆறு மாதம் முன்பு அதே காசுக்குக் கிடைத்த பிசி இன்று கிடைக்காது. அதை ஏற்றுக்கொண்டு, விளையாடப் போகும் கேமை முதலில் எழுதி, பவர் சப்ளையில் கஞ்சத்தனம் பண்ணாமல், ரேமுக்கு ஒரு ஸ்லாட்டை காலியாக விட்டு வைத்தால், விலை இறங்கும் நாளில் அந்த பிசி தானாகவே ஒரு படி மேலே போகும்.